எந்தப் பக்கமாகக் கிடந்தது

கருங்குளத்துக் கண்மாய்க் கரை ஏறும்போது
டிரெய்லர் நிறைய வண்டல்.
முன்சக்கரம் இரண்டும் ஒரு கணம் யோசித்தன.
அப்புறம் வானம் என் காலுக்குக் கீழே.

ஜேசிபி வந்து நிமிர்த்தியது.
முதலாளியின் மருமகன் வள்ளியப்பன் காரைக்குடியிலிருந்து வந்தார்.
மட்கார்டு நெளிவை விரலால் அளந்தார்.
"இன்னும் பதினேழு தவணை கிடக்கு, சேவுகா."
எனக்கு ஒண்ணுமில்லைங்க என்றேன்,
யாரும் கேட்பதற்கு முன்னால்.

"ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று
அவர் கை சாவிக்குப் போனது.
"தொடாதீக!"
புதுவயலிலிருந்து சைக்கிளில் வந்த சூசை
ஸ்டாண்டுகூடப் போடவில்லை,
சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு
என்னிடம் மூன்று கேள்வி கேட்டான்.
எந்தப் பக்கமாகக் கிடந்தது?
எவ்வளவு நேரம்?
கிடந்தபோது ஓடிக்கிட்டு இருந்ததா?

இடது பக்கம், பாதி மல்லாக்க.
வெயில் கருவேல நிழலைத் தாண்டுகிற வரைக்கும்.
ஆமா, ஓடிக்கிட்டுதான் இருந்தது.
பெரிய சக்கரம் ஆகாயத்தை உழுதுகொண்டிருந்தது.
நிறுத்துகிற கம்பி எட்டவில்லை,
ஒரு முழம் குறைந்தது.

அரிசி மில் ரோட்டில் அவன் பட்டறை.
கட்டி இழுத்துவந்து போட்டோம்.
பேட்டரி தண்ணி கக்கிக் காய்ந்துகிடந்தது.
ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் சொட்டு ஆயில் இல்லை.
"எங்கே போயிருக்கும்னு நினைக்கிறே?
மேலே ஏறி உள்ளே இறங்கியிருக்கு.
காத்தை நசுக்கலாம், எண்ணெயை நசுக்க முடியாது.
சாவியைத் திருப்பியிருந்தா ராடு வளைஞ்சிருக்கும்."

மூன்று நாசிலையும் கழற்றினான்.
மில்லின் உமிச்சாம்பல் விழுந்துவிடாமல்
துளைகளின் மேல் என் துண்டைப் போர்த்தினான்.
பிறகு துண்டை எடுத்துவிட்டு
புல்லி நட்டில் ஸ்பேனரைக் கொடுத்து
"மெதுவா, முட்டுனா நிறுத்திடு" என்றான்.
சுற்றினேன். இடது விலா
ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ சொன்னது.
முதல் துளை சும்மா மூச்சு விட்டது.
இரண்டாவது கொஞ்சம் உமிழ்ந்தது.
மூன்றாவது சீறி
என் சட்டை, அவன் மீசை,
சுவரில் மாட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா காலண்டர் வரை
கறுப்பாய் அடித்தது.
அடேயப்பா என்று சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடலைப் புரட்டியது.

நாசிலைப் பூட்டி, புது ஆயில் ஊற்றி,
டீசல் குழாயில் காற்றெடுத்தோம்.
கைப்பம்பை அவன் அமுக்க
நான் குமிழிகளைப் பார்த்திருந்தேன்,
கடைசிக் குமிழி போனது தெரியாமல் போனது.

"இப்ப திருப்பு."
பிடித்தது.
வெள்ளைப் புகை, பிறகு நீலம், பிறகு
நான் கொடுக்காத வேகம்.
ஆக்ஸிலேட்டரை விட்டேன், ஏறியது.
நிறுத்துகிற கம்பியை இழுத்தேன், ஏறியது.
மேனிஃபோல்டில் ஒளிந்திருந்த எண்ணெயைத்
தானே குடித்து, தானே கத்தி
போல்ட்டுகள் எல்லாம் எழுந்து நிற்கிற மாதிரி.
கை நிறுத்துகிற கம்பியிலேயே உறைந்துவிட்டது.
திரும்பவும் ஒரு முழம் குறைந்தது.

சூசை முன்னமே ஒரு பலகை வைத்திருந்தான்.
காற்று இழுக்கும் வாயில் அதை அறைந்து
உடம்போடு சாய்ந்தான்.
இரண்டு இருமல். ஒரு குலுக்கல்.
அப்புறம் மில்லின் சத்தம் மட்டும்.

"இது ஓடும்னு தெரியுமா உனக்கு?"
"ஓடலாம்னு தெரியும்.
சொன்னா நீ ஏறி உட்கார்ந்திருக்க மாட்டே."

மேனிஃபோல்டைக் கழற்றி
துணி துணியாகத் துடைத்துப் பூட்டினோம்.
அடுத்த தடவை ஒழுங்காக நின்று ஓடியது,
அரைமணி நேரம் நீலமாய்ப் புகைந்து.
"விடு, உள்ளே போனது எரிஞ்சு தீரட்டும்."
போனில் வள்ளியப்பன்:
நாளைக்குக் கோட்டையூருக்கு எட்டு நடை செங்கல்.
சரிங்க என்றேன்.

சாவியைத் திருப்பித் தரும்போது
சூசை என் சட்டையை விலக்கிப் பார்த்தான்.
விலாவில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்மாய்.
சாவி திரும்பவும் அவன் பைக்குள் போனது.
"சைக்கிள்ல பின்னாடி ஏறு.
ஆஸ்பத்திரியில கேப்பாக,
எந்தப் பக்கமாக் கிடந்தேன்னு.
ஒழுங்காச் சொல்லு."